உறைச்சாம்பல்

"என்ற பூனை ஊட்டுப் படியை உட்டுக் கீழ எறங்கலை. இன்னொரு பூனை மூஞ்சியக் கண்ணெடுத்தும் பாக்கலை. படுத்த எடத்துல படுத்துட்டே எலப்புள்ளி முச்சூடும் இருக்கற பூனைக்கெல்லாம் வயித்தால போக வெச்சுப்போட்டுதுங்கறேன்!"

சாயாக்கடைப் பெஞ்சின் மேல் ஏறி நிற்காத குறையாக மாரப்பன் இதை அறிவித்தபோது, கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த சாயா இரண்டு குவளைக்கும் நடுவே அந்தரத்தில் அப்படியே நின்றதாம். இதுவும் மாரப்பன் சொன்னதுதான்.

மாரப்பன் சொல்வதை ஊரார் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பாதியைக் கழிப்பார்கள். மிச்சத்தில் பாதியைக் கழிப்பார்கள். எஞ்சியதைக் களத்தில் நெல் தூற்றுவதுபோலக் காற்றில் தூற்றி, கீழே ஏதாவது விழுந்தால் பொறுக்கிக்கொள்வார்கள். அவருடைய கரும்பு ஒரு வருசம் வளர்ந்த வளர்த்தியில் கோயமுத்தூர் ஆகாய விமானம் சித்தே ஒதுங்கிப் போனது. அவருடைய கிணற்றில் காலையில் கூப்பிட்டால் எதிரொலி சாயங்காலம் பால் கறக்கிற நேரத்துக்குத்தான் ஏறி வரும். இதெல்லாம் ஊருக்குப் பழக்கம். ஆனால், தன் பூனை ஊர்ப் பூனைகளுக்கெல்லாம் சீக்குக் கொடுத்தது என்று ஒருவன் மார்தட்டிக்கொள்வதை யாரும் கேட்டதில்லை.

"நம்பமாட்டனுங்க மாமா" என்றான் மூலையில் உட்கார்ந்திருந்த சென்னிமலை.

சென்னிமலை மாரப்பனின் மச்சினன், அவர் மனைவி ஜானகியம்மாளின் தம்பி. எதையும் நம்பாதது அவனுக்குத் தொழில். மனிதன் நிலாவில் நடந்தான் என்று ரேடியோ சொன்னபோது, "கூடப் போயிட்டு வந்தவன் ஆரு?" என்று கேட்டான். மழையில் நின்றுகொண்டே, குடை ஒழுகுகிறவரைக்கும் மழையை நம்பமாட்டான். தன் கல்யாணப் பத்திரிகையில் தன் பேரைப் பார்த்துவிட்டு, "அன்னைக்குப் போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்று சொன்ன ஆள். அதனாலேயே ஊரில் அவன் வாய்க்கு ஒரு மதிப்பு. 'சென்னிமலையே ஒத்துக்கிட்டான்' என்றால் கலெக்டர் முத்திரை குத்தின மாதிரி. அப்படி அவன் எதையாவது ஒத்துக்கொண்டதாக யாருக்கும் நினைவில்லை என்பது வேறு விசயம்.

இந்த இரண்டு வாய்க்கும் நடுவில்தான் ஒரு பூனையின் தலையெழுத்து மாட்டிக்கொண்டது.

எலப்புள்ளிப் பக்கத்தில் பூனை வளர்க்க ஒரு முறை உண்டு. மண்ணெண்ணெய் டின்னை நெடுக்கே வெட்டி, கையைக் கிழிக்காதபடி ஓரத்தை மடக்கி, அடுப்புச் சாம்பலைக் கொட்டி வீட்டு மூலையில் வைப்பார்கள். பூனை தன் காரியத்தை அதில் முடித்து, மூடிவிட்டு வரும். ஆனால் சந்தையிலிருந்து வந்த புதுக்குட்டிக்குப் புதுச்சாம்பல் ஆகாது. அது பத்தாயத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிடும். பத்தாயத்து நெல்லில் அந்த வாசம் ஏறிவிட்டதென்றால், குத்தி அரிசியாக்கி, சோறாக்கி, இலையில் போட்டாலும் கூடவே வந்து உட்காரும். அதற்காக, நல்ல பூனை இருக்கிற வீட்டுக்குப் போய் அதன் டின்னிலிருந்து பழஞ்சாம்பல் ஒரு கை வாங்கிவந்து புதுச்சாம்பலில் கலப்பார்கள். பாலுக்கு மோர் ஊற்றி உறைய வைக்கிற கணக்குத்தான். உறைச்சாம்பல் என்றே அதற்குப் பேர். குட்டி வாசம் பிடித்து அங்கேயே உட்காரும். அதோடு, சாம்பல் கொடுத்த பூனையின் வீரமும் குட்டிக்கு இறங்கும் என்று ஒரு நம்பிக்கை.

வீரத்துக்கு ஊரில் ஒரே விலாசம் மாரப்பன் வீடு. அங்கே இருந்தது திவான் என்ற செம்பட்டைக் கடுவன். இளவயதில் ஒருநாள், கதிர் அடித்துக்கொண்டிருந்த ஆட்களின் கண்ணெதிரே ஒரு பெருச்சாளியை அடித்துப் போட்டது. அதற்குப் பிறகு அந்தப் பேரை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டியது. பத்தாயத்தின் மேல் ஏறிப் படுத்தால் பால் வட்டிலின் சத்தத்துக்குத்தான் இறங்கும். அது தூங்கத் தூங்க, அது பிடித்த பெருச்சாளி மாரப்பன் வாயில் வளர்ந்தது. முதல் வருசம் முயல் அளவு, அடுத்த வருசம் ஆட்டுக்குட்டி. இந்த எழுபத்தைந்தாம் வருசத்தில் அது கன்றுக்குட்டி அளவுக்கு வந்திருந்தது. கொம்பு ஒன்றுதான் பாக்கி.

திவானுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. தன் சாம்பல் இல்லாத டின்னில் அது உட்காராது. ஒருமுறை ஜானகியம்மாள் டின்னைச் சுத்தமாகக் கவிழ்த்துக் கழுவிப் புதுச்சாம்பல் நிரப்பிவிட்டாள். திவான் வீடெல்லாம் சுற்றி, கொட்டின இடத்தைத் தேடிக் குப்பைமேட்டுக்கே போய்விட்டது. பெருச்சாளிக்குப் பிறகு அது படி இறங்கிய ஒரே நாள் அதுதான். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது.

அந்த வருசம் முதல்போக விளைச்சல் அமோகம். பத்தாயங்கள் நிறைந்தன, எலிகளுக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு வீடு கொழிஞ்சாம்பாறைச் சந்தையிலிருந்து குட்டிகள் வந்து இறங்கின. எல்லோரும் தேங்காய்த் தொட்டியை, அதாவது கொட்டாங்குச்சியை, எடுத்துக்கொண்டு மாரப்பன் வாசலில் நின்றார்கள்.

"மாரப்பண்ணா, உறைச்சாம்பல் ஒரு கை குடுங்கண்ணா."

"ஒரு கையா? ரெண்டு கை வாங்கிக்க அம்மிணி. உன்ற குட்டி புலியே புடிக்கும்."

கொடுத்தார். வாரி வாரிக் கொடுத்தார். தானம் கொடுக்கிற ராசா மாதிரி டின்னுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நாளில் குட்டிகளுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. முதலில் தெற்குத் தெரு, அப்புறம் வாய்க்கால் கரை. ஊரில் பெரிய பண்ணையம் வைத்திருந்த ஆறுமுகசாமிப் பண்ணாடி எல்லோரையும் கூப்பிட்டு, "பூனையும் பூனையும் ஒண்ணையொண்ணு பாக்கப்படாது. அவங்கவங்க பூனைய உள்ள போட்டுத் தாப்பாப் போடுங்க" என்று உத்தரவு போட்டார். நல்ல உத்தரவுதான். பூனைகள் எல்லாம் ஜமீன்தார் வீட்டுப் பெண்கள் மாதிரி உள்ளே அடைந்துகொண்டன. ஜன்னலுக்குச் சாக்கு. கதவிடுக்கில் வேப்பிலை. ஒரு பூனை இன்னொன்றின் குரலைக்கூடக் கேட்கவில்லை.

சீக்கு மட்டும் நிற்கவில்லை. தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு உள்ளேயும் போயிற்று.

ஏனென்றால், ஊர் இன்னொன்றையும் யோசித்திருந்தது. எல்லாப் பூனைக்கும் சீக்கு வந்தது. திவானுக்கு மட்டும் வரவில்லை. அது முன்னைவிடக் கொழுத்து, முன்னைவிடக் குறட்டை விட்டது. அப்படியானால் அதன் சாம்பலில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்? மறுபடியும் தொட்டிகள் வரிசையில் நின்றன. இந்தத் தடவை மருந்துக்கு.

"காலைல ஒரு கை, சாயங்காலம் ஒரு கை" என்று மாரப்பன் வைத்தியமே சொன்னார்.

அந்த வரிசையில் நிற்காத ஒரே ஆள் சென்னிமலை. "பூனைப் பீயில மருந்தாம்! நம்பமாட்டேன்" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு, ரேடியோ என்ற தன் பூனையை உள்ளறையில் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டான். ஓயாமல் கர்கர் என்றுகொண்டே இருப்பதால் அதற்கு ரேடியோ என்று பேர். கொஞ்ச நாளில் ரேடியோவுக்கும் வயிற்றால் போயிற்று.

பெரும்பாலான குட்டிகள் இரண்டு மூன்று நாள் வாடிக் கிடந்துவிட்டு எழுந்து பால் குடித்தன. பழனாத்தாளின் குட்டிதான் எழவில்லை. தனிக்கட்டையான பழனாத்தாளுக்கு அந்தக் கறுப்புக் குட்டிதான் பேச்சுத்துணை. அதன் வயிறு உருண்டு திரண்டு வந்தது. பிள்ளைத்தாய்ச்சி என்று நினைத்து, தான் குடிக்கிற பாலையும் அதற்கே ஊற்றினாள்.

மாரப்பன் போய்த் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அம்மிணி, இது கடுவனாக்கும்."

அவளும் சிரித்தாள். அடுத்த வாரம் அது செத்துப்போயிற்று. பழனாத்தாள் அதைத் தென்னங்கன்றுக் குழியில் போட்டு மூடிவிட்டு, வீட்டுக்குள் போய்விட்டாள். அன்றைக்கு மாரப்பன் சாயாக்கடைப் பக்கமே போகவில்லை.

பண்ணாடியின் மாட்டுக்கு ஊசி போட மிருகாசுபத்திரி டாக்டர் அமிர்தநாதன் வந்தார். குமுளிப் பக்கத்து ஆள். அங்கே எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்து, படித்து, இங்கே மாற்றலாகி வந்தவர். மாரப்பன் அவரை வழிமறித்து வீட்டுக்கு அழைத்துப் போனார். டாக்டர் திவானைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். முக்காலியையும் பார்த்தார்.

"இந்தச் சாம்பலையா ஊருக்கெல்லாம் குடுத்தீங்க?"

"கை நெறையக் குடுத்தனுங்க."

டாக்டர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். "பெரியவரே, இது ஒரு வைரஸ் கிருமியா இருக்கலாம். சீமைல இப்பத்தான் கண்டுபிடிச்சு எழுதிக்கிட்டு இருக்காங்க. பெருசாக்கிப் பாத்தா சுத்திக் கிரீடம் வச்ச மாதிரி இருக்குமாம். அதான் கொரோனான்னு பேரு. பூனை வெளிக்குப் போறதுல எறங்கும். இன்னொரு பூனை அந்தச் சாம்பல்ல காலை வச்சுட்டு, காலை நக்கும்ல, அப்ப உள்ள போயிரும். பூனையும் பூனையும் மூஞ்சியப் பாக்கணும்னே இல்ல. முக்காவாசிக்கு வயித்தால போயிட்டுச் சரியாயிரும். எங்கிட்டோ ஒண்ணு ரெண்டுக்குத்தான் வயிறு வீங்கும். அது பொழைக்காது."

"எங்க திவானுக்கு ஒண்ணுமே இல்லீங்களே?"

"அதான் சங்கடமே. குட்டியில எப்பவோ வந்து போயிருக்கும். ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கிற பூனைதான் மாசக்கணக்காக் கிருமியை எறக்கிக்கிட்டே கிடக்கும். இங்கயும் அதுதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சோதிச்சுப் பாக்க இங்க வசதி கிடையாது. ஆனா சாம்பல் குடுக்கிறதை இன்னையோட நிப்பாட்டுங்க. ஊர்ல இருக்கிற சாம்பலை எல்லாம் குழி தோண்டிப் புதைச்சிட்டு, டின்னுல கொதிக்கிற தண்ணிய ஊத்தி வெயில்ல போடச் சொல்லுங்க."

"மனுசனுக்கு வருங்களா?"

"வராது. இது பூனையோட சொந்த விவகாரம்."

வேறு யாராக இருந்தாலும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். மாரப்பன் காதில் விழுந்தது மூன்றே விசயம்: சீமை, கிரீடம், மூஞ்சியைப் பார்க்காமலே. ஊருக்குச் சாம்பலைப் பற்றிச் சொல்லத்தான் அவர் கிளம்பினார். ஆனால் சாயாக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் சேதி வாய்க்குள்ளேயே வளர்ந்து, கிரீடம் வைத்துக்கொண்டு, பெஞ்சில் ஏறப் பார்த்தது. மேலே சொன்ன அறிவிப்பு அப்படித்தான் வெளியே வந்தது.

"கிரீடம் வெச்ச கிருமி மாப்ளே! சும்மா போற பூனை வயித்துலயெல்லாம் தங்குமா?"

"நம்பமாட்டனுங்க மாமா. உங்க சாம்பலு என்ற ஊட்டுப் படியே ஏறலை. என்ற ரேடியோவுக்கும் வயித்தால போச்சுதுங்களே, அது எப்புடி? சாம்பலுமில்லை, கிரீடமுமில்லை."

சாயாக்கடை வாசலில் பால் பாத்திரத்தோடு நின்றிருந்த பழனாத்தாள் உள்ளே வந்தாள். "சாம்பல் போகாத ஊட்டுக்கும் சீக்குப் போயிருக்குதுன்னா, அந்தப் பூனையோட கண்ணுதான் காரணம். மத்ததெல்லாம் வாட வாட இது மட்டும் கொழுக்குதே! அண்ணா, உங்க வாயாலயே சொல்லிப்போட்டீங்க, உங்க பூனைதான்னு. என்ற குட்டியக் கொன்னதும் அதுதானுங்களே?"

பெருமையாகச் சொன்னது வாக்குமூலமாகிவிட்டது என்பது மாரப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் சென்னிமலை வீட்டுக் களத்தில் ஊர் கூடியது. அதுதான் ஊரிலேயே பெரிய களம். பண்ணாடி கட்டிலில் உட்கார்ந்தார். முடிவு ஏற்கனவே எடுத்தாகிவிட்டது: திவானைச் சாக்கில் கட்டி, கோயமுத்தூர் பஸ்ஸில் ஏற்றி, அங்கே பஸ் மாற்றி, ஆனைகட்டி மலையடிவாரத்தில் விட்டுவிட்டு வருவது. பத்தாயத்தின் மேல் படுத்தே பழகிய கிழட்டுப் பூனை காட்டில் ஒரு பொழுது தாங்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

சாக்கு களத்து நடுவில் இருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஒருவேளை தூங்கிக்கொண்டிருக்கலாம்.

"சாமி" என்றார் மாரப்பன். அவர் குரல் இவ்வளவு சின்னதாக இருந்து யாரும் கேட்டதில்லை. "கண்ணுமில்லை, கிண்ணுமில்லைங்க. சாம்பல்தானுங்க. டாக்டரு சொன்னாரு. நாந்தான் வாரிவாரிக் குடுத்தேன். தப்பு என்ற கையில. பூனை என்ன பண்ணுச்சு? சாம்பலைக் கொட்டிப்போட்டாச் சரியாப் போயிருமுங்க."

வாழ்நாளில் முதல்தடவையாக அவர் ஒரு சங்கதியை அதன் அளவிலேயே சொன்னார். ஊரார் வழக்கம்போலப் பாதியைக் கழித்து, மிச்சத்தில் பாதியைக் கழித்தார்கள். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பண்ணாடி சென்னிமலையைப் பார்த்தார். "நீ சொல்லப்பா. உன்ற ஊட்டுக்குச் சாம்பல் வந்துச்சா இல்லையா? வந்துச்சுன்னா டாக்டரு சொன்னது சரி, சாம்பலைக் கொட்டுவோம், பூனை இருக்கட்டும். வரலைன்னா பூனை போகட்டும்."

"வரலீங்க" என்றான் சென்னிமலை, தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் அதையெல்லாம் நம்பறதில்லீங்க."

ஜானகியம்மாள் தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ ஏதாச்சும் சொல்லணுமா ஜானகி?" என்றார் பண்ணாடி.

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லமாட்டேன்னு ஒருத்தருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கறனுங்க. அதனால ஒண்ணும் சொல்றதுக்கில்லை." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஒரே ஒரு காரியம். கோயமுத்தூர் வரைக்கும் போகோணும், அதுக்கப்பறம் மறுக்கா ஒரு பஸ்ஸு. கண்டக்டரு சும்மா இருப்பாரா? கெளம்பறதுக்கு முன்னால சாக்கை அவுத்துடுங்க. அதும்பாட்டுக்கு ஒரு வாட்டி இருந்துட்டு வரட்டும்."

நியாயமாகத்தான் பட்டது. யாரோ புது டின் கொண்டுவந்து, பண்ணாடி வீட்டு அடுப்பிலிருந்து எடுத்த வெள்ளை வெளேர் சாம்பலைக் கொட்டி வைத்தார்கள். சாக்கை அவிழ்த்தார்கள்.

திவான் வெளியே வந்தது. முதுகை வில்லாக வளைத்துச் சோம்பல் முறித்தது. கூட்டத்தை ஒருமுறை பார்த்தது. தனக்காகத்தான் கூடியிருக்கிறார்கள் என்று தெரிந்த தோரணை. புது டின் பக்கம் நடந்துபோய் மூக்கை நீட்டியது. காலை உதறிக்கொண்டு திரும்பிவிட்டது.

"தன் சாம்பல் இல்லாம உக்காராதே அது" என்று கூட்டத்தில் ஒருவர் முனகினார்.

திவான் களத்தைச் சுற்றியது. வைக்கோல் போரை மோந்தது, வேண்டாம். பண்ணாடியின் செருப்பை மோந்தது. பண்ணாடி காலை இழுத்துக்கொண்டார். அப்புறம் தலையை உயர்த்தி, காற்றில் எதையோ பிடித்த மாதிரி நின்றது. மாரப்பன் பிற்பாடு சொன்னபடி, அந்த நேரத்தில் வாய்க்கால் தண்ணீரே ஓடாமல் நின்று பார்த்ததாம்.

திவான் ஓடியது. பத்தாயத்தின் மேல் பல வருசம் படுத்த உடம்பு பந்து மாதிரி உருண்டு, சென்னிமலை வீட்டுப் படியேறி, நடையைத் தாண்டி உள்ளறைக்குப் போயிற்று. ஊரே பின்னால் ஓடியது. உள்ளறைக் கதவு பூட்டியிருந்தது. திவான் கதவின் முன் நின்று பிறாண்டியது. பரிதாபமாக ஒருமுறை கத்தியது.

"சாவியக் குடு" என்றார் பண்ணாடி.

சென்னிமலை அரைஞாணைத் தடவினான். அவிழ்க்க நேரமாயிற்று.

கதவு திறந்ததும் திவான் உள்ளே போயிற்று. மூலையில் ரேடியோவின் டின். ரேடியோ ஜன்னல் மேல் தாவி ஏறிக்கொண்டது. திவான் டின்னை ஒரு சுற்றுச் சுற்றி மோந்தது. ஏறியது. சாம்பலில் குழி பறித்தது. சொந்த வீட்டில் உட்காருகிற மாதிரி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, ஊர் முழுவதும் பார்க்க உட்கார்ந்தது.

காரியத்தை முடித்து, நிதானமாக மூடிவிட்டு, திவான் இறங்கி வந்து மாரப்பன் காலடியில் படுத்துக்கொண்டது. மாரப்பன் அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் இதை எந்த அளவில் சொல்லலாம் என்று அதற்குள் கணக்குப் போடத் தொடங்கியிருந்தது.

பழனாத்தாள்தான் முதலில் பேசினாள். "சென்னிமலை, நானும் ரெண்டு தடவை வாங்கிட்டுப் போனவ. என்ற கையாலதான் அந்தக் குட்டிக்குப் போட்டேன். நீ வாங்குனயா, வாங்குலயா? ஒரு வாய்ச்சொல்லு சொல்லிப்போடு. இந்தப் பூனை மேல எனக்கு இருக்கற கோவம் போகட்டும்."

சென்னிமலை அக்காவைப் பார்த்தான். ஜானகியம்மாள் கூரையைப் பார்த்தாள்.

"மத்தியானத்துல" என்றான் அவன். "எல்லாரும் நடவுக்குப் போயிருந்த மத்தியானத்துல, அக்காகிட்டச் சத்தியம் வாங்கிட்டு, தொட்டில இல்லீங்க, துண்டுல முடிஞ்சுட்டு வந்தனுங்க. ரேடியோ அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. வராம இருக்கட்டும்னுதான் போட்டேன். போட்டு மூணா நாளு வந்துச்சு."

"அப்ப மாமன் சொன்னது?" என்றார் பண்ணாடி. "அவனோட பூனை படி எறங்காம, இன்னொரு பூனை மூஞ்சியப் பாக்காம, படுத்த எடத்துல இருந்தே ஊருக்கெல்லாம் சீக்குக் குடுத்துச்சுன்னு சொன்னானே. அதை இப்பவாச்சும் நம்பறயா?"

சென்னிமலை டின்னைப் பார்த்தான். திவானைப் பார்த்தான். மாமனின் முகத்தில் மெல்ல மெல்ல விரிகிற சிரிப்பைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

"நம்பமாட்டனுங்க" என்றான். "ஆனா, நடந்துச்சுங்க."